பெயர் தெரியாத அந்த அண்ணனுக்கு நன்றி

இடது கை இல்லாத நான் காட்டுப்பாதையில் பைக் ஓட்ட ஆசைப்பட்டபோது, ஸ்கூட்டர் போதாதா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நீங்கள் மட்டும், "ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் வலப்பக்கம்தானே தம்பி, இடப்பக்கக் கிளட்சுக்கு மட்டும் வழி பார்ப்போம்" என்றீர்கள்.

கிளட்ச் லீவரே இல்லாத, கியரைத் தானே மாற்றும் ஹோண்டா பைக்கான ஆப்பிரிக்கா ட்வின் டிசிடி மேல்தான் எனக்குக் கண். 200 கிலோவுக்கு மேல் எடை, சேற்றில் சாய்ந்தால் ஒற்றைக் கையால் தூக்க முடியாது என்று தடுத்தீர்கள். சரிதான். எடை குறைந்த வண்டியில் ஆட்டோ கிளட்ச் போட்டாயிற்று; என்ஜின் வேகம் ஏறினால் தானே பிடிக்கிறது, இறங்கினால் விடுகிறது. கியரில் நின்றாலும் அணைவதில்லை.

அப்புறம் அந்த ஸ்டீயரிங் டேம்பர்! முன்சக்கரம் கல்லில் மோதும்போது ஹேண்டில்பார் வெடுக்கென்று திரும்புவதில்லை. ஒற்றைக் கைக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை என்பேன்.

பெயரைக் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். மனமார்ந்த நன்றி அண்ணா.