பேறுகாலத் துணைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு சங்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஐப்பசியில் என் மகளுக்குப் பேறுகாலம். நடுராத்திரி வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். துணைக்கு ஒரு பெண் உள்ளே இருக்கலாம் என்றார்கள், சரி என்று நான்தான் போனேன். மகள் துடிப்பதைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, நானும் சேர்ந்து அழ, அதைப் பார்த்து அவள் இன்னும் பயந்துபோனாள். அப்புறம் எங்கள் தெரு மதினி ஒருத்தி எனக்குப் பதிலாக உள்ளே போனாள். நாலு பிள்ளை பெற்றவள், மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறவள். விடியும்வரை மகளின் இடுப்பைத் தேய்த்துவிட்டு, கையைப் பிடித்து நடக்க வைத்து, வெந்நீர் கொடுத்து, "மூச்சை விடு தாயி, இன்னும் கொஞ்சந்தான்" என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். டாக்டர், நர்ஸ் வேலையில் அவள் தலையிடவே இல்லை. காலை ஆறரைக்குப் பேரன் பிறந்தான்.

அந்த மதினிக்கு நாங்கள் கொடுத்தது ஒரு சேலையும் ஒரு தட்டுப் பழமும். மறுநாள் முழுக்கத் தூங்கிவிட்டதால் அவளுக்குப் பீடிக் கூலியும் போயிற்று. அவள் வாய் திறந்து கேட்கவில்லை, எங்களுக்கும் அன்று அது தோன்றவில்லை. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

மதினி செய்த அதே வேலையைச் செய்பவர்களைப் பெருநகரங்களில் டூலா என்கிறார்கள். மருத்துவச்சி வேறு, இவர்கள் வேறு. பிரசவம் பார்ப்பதில்லை, ஊசி மருந்து தொடுவதில்லை, கூடவே இருப்பதுதான் வேலை. அதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் திரட்டி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட அறிக்கை, இப்படித் தொடர்ந்து துணை இருந்தால் பிரசவ நேரமும் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்கிறது. நம் தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்குச் சுமார் 45 பிரசவம் சிசேரியன். தேவைப்படும் இடத்தில் அது உயிரைக் காப்பாற்றுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாத பயத்தையாவது குறைக்கலாமே.

அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணைக்கு மத்திய அரசு 2016-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. பெண்ணாக, கூடுமானவரை பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவளாக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, கடைசிவரை கூடவே இருக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. அனுமதி இருக்கிறது, போகத்தான் ஆள் இல்லை. தாய் இல்லாத பிள்ளைகள், மாமியாரும் வேலைக்குப் போகிற வீடுகள், புருஷன் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் என்று எங்கள் தெருவிலேயே எத்தனை!

போகத் தெரிந்த பெண்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் தனியாளாக எத்தனை நாள் செய்ய முடியும்? தேதி நெருங்கிவிட்டால் ஒரு கல்யாண வீட்டுக்குக்கூடப் போக முடியாது. ஒரே ராத்திரியில் இரண்டு வீட்டில் வலி எடுத்தால் யாரிடம் போவாள்? இருபது மணி நேரம் நின்றவளை மாற்றிவிட ஆள் வேண்டாமா? காசு பேசவும் கூச்சம், பேசினால் "உதவிக்கு வந்தவ காசு கேக்கா" என்கிற பேச்சு வரும். இடையில் ஏஜென்சி வந்தால் நிலைமை இன்னும் மோசம். எனக்குத் தெரிந்த ஒருத்தி வீட்டு நர்ஸ் வேலைக்கு அப்படித்தான் போனாள், கூலியில் பெரும்பங்கு கமிஷனுக்கே போனது.

அதனால்தான் கூட்டுறவுச் சங்கம் என்கிறேன். ஆளுக்கொரு பங்கு, ஆளுக்கொரு ஓட்டு. அவரவர் தெருவில், பழகிய குடும்பங்களுக்கு, அவரவர் விருப்பப்படி வேலை செய்யட்டும், சங்கம் அவர்களுக்கு முதலாளி ஆகக் கூடாது. பயிற்சி, அடையாள அட்டை, மாற்று ஆள், ராத்திரி ஆட்டோ, கூலியைப் பேசி வாங்கித் தருவது, முடியாத வீட்டுக்குப் பொது நிதியிலிருந்து ஈடுகட்டுவது இவற்றைச் சங்கம் பார்க்கட்டும். அமெரிக்காவில் டூலாக்கள் இப்படிக் கூட்டுறவாகச் சேர்ந்திருக்கிறார்கள், ஒரேகான், மினசோட்டா மாநிலங்களில் ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டமே அவர்களுக்குக் கூலி கொடுக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், குஜராத்தில் சேவா என்கிற பெண் தொழிலாளர் அமைப்பின் மருத்துவச்சிகளும் சுகாதாரப் பணிப் பெண்களும் சேர்ந்து 1990-இல் தொடங்கிய கூட்டுறவு அகமதாபாத்தில் மருந்துக் கடையும் நடத்துகிறது. இங்கே பத்தமடையில் பாய் நெய்கிற பெண்கள் சங்கம் வைக்கவில்லையா? ஆடிப்பூரத்துக்குக் காந்திமதி அம்மனுக்கே வளைகாப்பு நடத்துகிற ஊர் இது.

மதினியிடம் கேட்டேன், உடனே சரி என்றாள். பேட்டையிலும் மானூரிலும் சேர்த்து ஆறு பேரிடம் பேசியிருக்கிறேன். சங்கம் பதிவு செய்யக் கூட்டுறவுத் துறையில் யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை பேர் சேர வேண்டும், பயிற்சியை அரசு ஆஸ்பத்திரியிலேயே கொடுப்பார்களா என்று உங்கள் நிருபர் விசாரித்து ஒரு செய்தி எழுதினால் நன்றாக இருக்கும். சித்திரையில் எங்கள் தெருவில் இன்னும் மூன்று பேறுகாலம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.