மனாமாவில் நடந்ததையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சிரிய அதிபர் அசாத் மாஸ்கோவுக்குத் தப்பியோடியதிலிருந்து, 'அடுத்த சர்வாதிகாரி யார்?' என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். ஒருவர் வீழ்ந்தால் மற்றவர்களும் வரிசையாக வீழ்வார்கள் என்ற நம்பிக்கை எனக்கு வரவில்லை. 2011இல் நான் பஹ்ரைன் தலைநகர் மனாமாவில், ஒரு கோல்டு ஸ்டோரில் (மளிகைக் கடைதான்) கல்லாவில் இருந்தவன்.

ஒரு நாட்டுப் போராட்டம் அடுத்த நாட்டு மக்களுக்குத் துணிச்சல் தரும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். ஜனவரி 14 அன்று துனிசிய அதிபர் பென் அலி சவூதிக்கு ஓடினார். பிப்ரவரி 11இல் எகிப்து அதிபர் முபாரக் பதவி விலகினார். அதே நாளில் பஹ்ரைன் மன்னர், குடும்பத்துக்கு ஆயிரம் தினார் தருவதாக அறிவித்தார். கடைக்கு வந்த உள்ளூர்க்காரர்களுக்குப் பேச்செல்லாம் கெய்ரோவைப் பற்றியே. 15ஆம் தேதி, மனாமாவின் லூலூ (முத்து) ரவுண்டானாவில் கூடிவிட்டார்கள். முதலில் அவர்கள் கேட்டது அரசியல் சீர்திருத்தம்தான். 17ஆம் தேதி விடிவதற்குள், கூடாரத்தில் தூங்கியவர்கள்மீது போலீஸ் பாய்ந்து உயிர்கள் போன பிறகுதான் 'ஆட்சியே ஒழிக' என்ற முழக்கம் ஓங்கியது.

ஆனால் அரண்மனைகளிலும் அதே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பென் அலியையும் முபாரக்கையும் அவர்களுடைய ராணுவமே கைவிட்டதை வளைகுடா மன்னர்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். பஹ்ரைனில் பெரும்பான்மை மக்கள் ஷியா முஸ்லிம்கள், அரச குடும்பமோ சன்னி பிரிவு. காவல் படையிலோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சன்னிகள் ஏராளம். கூட்டத்தில் தன் அண்ணன் தம்பி நிற்பானோ என்று அவர்கள் ஏன் தயங்கப்போகிறார்கள்? மார்ச் 14 அன்று பஹ்ரைன் மன்னருக்குத் துணையாக சவூதிப் படை கடல்பாலம் வழியாக உள்ளே வந்தது. தன் நாட்டு மக்களை அமைதிப்படுத்த சவூதி மன்னர் அறிவித்த சலுகைகளோ சுமார் 13,000 கோடி டாலர்.

மார்ச் 18இல், ரவுண்டானா நடுவே முத்தைத் தாங்கி நின்ற நினைவுச் சின்னத்தையே இடித்துத் தள்ளினார்கள். அந்த வேலையில் கிரேன் ஓட்டுநர் ஒருவர் இடிபாடு விழுந்து செத்தார். எங்களைப் போலப் பிழைக்க வந்தவர். பிறகு, அந்தச் சின்னம் பொறித்த 500 பில்ஸ் (அரை தினார்) நாணயத்தையும் திரும்பப் பெற்றார்கள். நாள்தோறும் என் கையில் புரண்ட காசு அது. கல்லாவில் கிடந்ததை எல்லாம் பொறுக்கித் தனியே வைக்கச் சொன்னார் முதலாளி.

அசாத் விவகாரமும் இப்படித்தான். சிரிய மக்கள் 2011லேயே எழுந்துவிட்டார்கள். ஈரானும் லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கமும், பின்னர் ரஷ்யாவும் அவரைத் தாங்கிப் பிடித்தன. ரஷ்யா உக்ரைனில் சிக்கிக்கொண்டது, ஹிஸ்புல்லா இஸ்ரேலிடம் அடிவாங்கியது. அப்புறம் இரண்டு வாரம்கூட அவர் தாக்குப்பிடிக்கவில்லை. இடையில் போன உயிர்கள் பல லட்சம். 'அடுத்து யார்?' என்று கணிப்பவர்கள், துப்பாக்கி யார் கையில் இருக்கிறது, பக்கத்து நாடு யாருக்குப் படை அனுப்பும் என்பதையும் தயவுசெய்து சேர்த்து எழுத வேண்டும்.

போராட்டம் வென்ற சதுக்கங்களின் படத்தைப் பெரிதாகப் போடுகிறீர்கள், மகிழ்ச்சி. லூலூ ரவுண்டானாவைப் பற்றியும் ஒரு முழுப் பக்கம் வெளியிடுங்கள். அந்தப் போராட்டத்துக்காக 2011 ஜூனில் ஆயுள் தண்டனை பெற்ற மனித உரிமைச் செயற்பாட்டாளர் அப்துல்ஹாதி அல்-கவாஜாவின் பெயர் அதில் இடம்பெற வேண்டும்.

– வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய வாசகர்,
பரமக்குடி