சுடுமண் வண்டியில் தொடங்கட்டும் வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

பண்டைய வரலாறு என்றாலே பிள்ளைகள் முகம் சுளிப்பதற்கு, அரசர் பெயர்களையும் போர் நடந்த ஆண்டுகளையும் அடுக்கும் புத்தகங்களே காரணம். ஹரப்பா, மொகஞ்சதாரோவில் கிடைத்த சுடுமண் பொம்மை வண்டிகளையும் பறவை வடிவ ஊதல்களையும் முதலில் காட்டுங்கள். மற்ற கேள்விகளை அவர்களே கேட்பார்கள். மெசொப்பொத்தேமியாவில் ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் களிமண் பலகையில் எழுதிக் கொடுக்க, அதைப் பார்த்து மாணவர் கோணல்மாணலாக எழுதிப் பழகிய பலகைகள் இன்றும் இருக்கின்றன. எந்தப் பிள்ளைக்கு இது பிடிக்காது?

சிந்துவெளி எழுத்து இன்னும் உறுதியாகப் படிக்கப்படவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விடை தெரியாத புதிர்தான் சிறுவர்களைச் சுண்டி இழுக்கும். பதிப்பகத்தார் தெளிவான படங்களும் நிலப்படங்களும் சேர்த்து, எளிய தமிழில் இத்தகைய நூல்களைக் கொண்டுவர வேண்டும்.

— ஒரு வாசகர்