நிழலில்லா நாள் டெல்லிக்கு வராது

எங்கள் பகுதித் தமிழ் அமைப்பின் கோடை முகாம் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜூன் 21 அன்று திடலில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள், ஷாமியானா நிழலில்.

இன்று நிழலில்லா நாள், உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து குச்சியின் நிழல் மறைந்துவிடும் என்று சொல்லி, ஆளுக்கொரு குச்சியோடு பிள்ளைகளை அந்த வெயிலில் நிறுத்தினீர்கள். பன்னிரண்டு மணி ஆனது. நிழல் போகவில்லை. "அசையாம நில்லுங்க, இப்பப் போயிடும்" என்றே அரை மணி நேரம் ஓடியது. முகங்கள் சிவந்து, தண்ணீர் பாட்டில்கள் காலியான பிறகு ஒரு சிறுவன் குச்சியைச் சற்றே சூரியன் பக்கம் சாய்த்து நிழலை மறைத்துக் காட்டினான். அவனுக்குத் திட்டுதான் விழுந்தது. அன்று அங்கே வானியல் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

பூமியின் அச்சு சுமார் 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால், சூரியன் தலைக்கு நேர் மேலே வருவது கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில்தான். டெல்லி இருப்பதோ கடகரேகைக்கும் வடக்கே, 28.6 டிகிரியில். ஆண்டிலேயே சூரியன் மிக உயரும் அந்த நாளிலும் இங்கே ஒரு மீட்டர் கம்புக்குச் சுமார் 9 செ.மீ. நிழல் விழும். அந்த உச்சிப்பொழுதும் பன்னிரண்டுக்கு வராது, 12.23 வாக்கில்தான். நம் கடிகாரம் ஓடுவது 82.5 டிகிரி தீர்க்கரேகைக் கணக்கில், டெல்லி அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே தாமதமாகத்தான் உச்சிக்கு வரும். சென்னையில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நடப்பதை இங்கே ஜூனில் நடத்திக் காட்டு என்றால் சூரியன் என்ன செய்யும்? ஒரு தன்னார்வலர் காற்று மாசைக் காரணம் சொன்னார். சரி, டெல்லியில் எல்லாவற்றுக்கும் அது ஒன்று இருக்கிறது.

முகாமில் பிள்ளைகளுக்குக் கொடுத்த கையேடு இதைவிட மோசம். கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் வருகிறதாம். நாம் ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி அண்மை நிலையில், சுமார் 14.7 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. கோடையைக் கொண்டுவருவது அச்சின் சாய்வு. அப்புறம், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுழல 365 நாள் என்று வேறு அச்சிட்டிருக்கிறீர்கள். அவ்வளவு நீளப் பகலில் உங்கள் முகாமுக்கு வந்தால் பிள்ளைகள் கதி?

அந்தக் கையேட்டைத் திரும்பப் பெற்றுத் திருத்துங்கள்.

தீன்மூர்த்தியில் நேரு கோளரங்கம் இருக்கிறது. ஜந்தர் மந்தர் என்றாலே நமக்குப் போராட்டம்தான் நினைவு வரும். உள்ளே மன்னர் ஜெய்சிங் கட்டிய மாபெரும் சூரியக் கடிகாரம் நிற்கிறது. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆண்டு விழாப் பொன்னாடைக்கு ஒரு குழு, அழைப்பிதழில் தலைவரின் அடைமொழி விட்டுப்போகாமல் பார்க்க இன்னொரு குழு. பிள்ளைகள் கையில் கொடுப்பதை மட்டும் யாரும் படிப்பதில்லை. இந்த ஊரில் அவர்கள் தமிழில் அறிவியல் படிக்கக் கிடைக்கும் சில இடங்களில் உங்கள் முகாமும் ஒன்று.

பேச்சு எங்கெங்கோ போகிறது. பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்: திருத்திய கையேடு முகாமுக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் வர வேண்டும், அச்சுக்குப் போகுமுன் விவரம் தெரிந்த ஒருவர் பார்த்திருக்க வேண்டும். அச்சுக்கூலியைப் பெற்றோர் நாங்களே தருகிறோம்.

இப்படிக்கு,
முகாமுக்கு மகளை அனுப்பிய ஒரு தாய்,
மயூர் விஹார்