முதலில் உன் தலையைக் கொடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு மூட்டு வலி பரவாயில்லை, காலையில் வாய்க்கால் வரை நடந்துவிட்டு வருகிறார்.

நேற்று ராத்திரி நீ போனில் அழுததில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. போனில் சொன்னால் குக்கர் சத்தத்தில் பாதி போய்விடும், மீதியை நீ மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வை. எழுதியதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லி உன் அண்ணன் பிள்ளையிடம் கொடுக்கிறேன்.

பிள்ளையின் டைரியில் பேன் இருக்கிறது என்று எழுதி அனுப்பினார்கள், வகுப்பில் தனியாக உட்கார வைத்தார்கள் என்றாய். எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் நீ அடுத்துச் சொன்னாயே, பக்கத்து பெஞ்சில் இருக்கிற பிள்ளையிடமிருந்துதான் ஒட்டியது, அவள் அம்மாவை நாளைக்கே கேட்கப் போகிறேன் என்று, அதை மட்டும் செய்யாதே. பேன் ஏறிய அன்றைக்கே தலை அரிக்காது. பேன் கடிக்கும்போது அதன் எச்சில் தோலுக்கு ஒவ்வாமல் போவதால் வருவதுதான் அந்த அரிப்பு. முதல் தடவை பேன் பிடிக்கிற பிள்ளைக்கு அது தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும். பள்ளிக்கூடம் திறந்து 2 வாரம்கூட ஆகவில்லை. நாளை எண்ணிப் பார், தாயி. மே மாதம் பூராவும் பிள்ளை எங்கே இருந்தாள்? நம் வீட்டில். மொட்டை மாடியில் ஒரே ஜமுக்காளத்தில் ஐந்து பிள்ளைகள் தலையோடு தலை வைத்துப் படுத்துக் கிடந்தார்கள். நடுவில் நான்.

இன்று காலையில் விளக்கு வைக்கிற மேசையை வாசலுக்கு இழுத்துப் போட்டு, வெள்ளைத் துண்டை விரித்து, பேன் சீப்பால் என் தலையை வாரினேன். மூன்று பேன் விழுந்தது. அண்ணன் மகள்கள் இரண்டு பேருக்கும் இருக்கிறது, சின்னவளுக்குப் பிடரி நிறைய ஈறு. உன் பிள்ளைக்குக் கொடுத்து அனுப்பியது இந்த வீடுதான். அந்தப் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு இப்போது இருந்தால், அது நம் பிள்ளையிடமிருந்து போனதாகக்கூட இருக்கலாம். அவள் அம்மாவிடம் தன்மையாக, "எங்க பிள்ளைக்கு இருக்கு, உங்க பிள்ளைக்கும் ஒரு தடவை பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்.

28 வருஷம் பால்வாடியில் இருந்தவள் நான். எத்தனை பிள்ளைகள் தலையைப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. தினம் தலைக்குக் குளிக்கிற பிள்ளைக்கும் பேன் வரும், வாரம் ஒரு தரம் குளிக்கிற பிள்ளைக்கும் வரும். பேனுக்கு இறக்கை இல்லை, தாவவும் தெரியாது. ஒரு முடியிலிருந்து இன்னொரு முடிக்கு ஊர்ந்துதான் போகும். தலையும் தலையும் ஒட்டினால் போதும். கூடிப் படுக்கிற, கூடி விளையாடுகிற, ஒன்றையொன்று கட்டிப்பிடிக்கிற பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். இதில் நீ சுத்தமாக வளர்க்கவில்லை என்று சொல்ல என்ன இருக்கிறது? இஸ்ரேலில் லாகீஷ் என்ற இடத்தில் தோண்டி எடுத்த யானைத் தந்தச் சீப்பு ஒன்றைப் பற்றி 2022-ல் பேப்பரில் வந்திருந்தது. சுமார் 3,700 வருஷத்துக்கு முந்தையது. தலையிலும் தாடியிலும் இருக்கிற பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்று அதில் பொறித்து வைத்திருக்கிறார்கள். தந்தத்தில் சீப்பு செய்கிற அளவுக்கு வசதி உள்ளவர்கள் தலையிலும் பேன் இருந்திருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். "அத்தைக்குத் தெரியாம முடிச்சிரணும்மா" என்றாய். அது நடக்காது. பிள்ளை ராத்திரி யாரோடு படுக்கிறாள்? உங்க அத்தையோடுதான். நீ பிள்ளை தலையை எவ்வளவு சுத்தம் செய்தாலும், அத்தை தலையில் இரண்டு பேன் இருந்தால் பத்தாம் நாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒரு பெண் பேன் ஒரு நாளைக்கு 6 முதல் 8 ஈறு வைக்கும், தலையில் ஒரு மாதம் உயிரோடு இருக்கும். வீட்டில் உள்ள எல்லோர் தலையையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். இருக்கிறவர்களுக்கெல்லாம் அன்றைக்கே வைத்தியம் செய்ய வேண்டும். மாப்பிள்ளை தலையையும் விடாதே.

மருமகள் போய் மாமியாரிடம் "உங்க தலையில பேன் இருக்கான்னு பாக்கணும்" என்று கேட்டால் சங்கடம்தான், தெரியும். அதனால் அப்படிக் கேட்காதே. முதலில் உன் தலையைக் கொடு. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அத்தைக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டு, "அத்தே, எனக்கு அரிக்கிற மாதிரி இருக்கு, கொஞ்சம் பாருங்களேன்" என்று கொண்டையை அவிழ்த்துவிடு. எனக்கும் என் மாமியாருக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம் வரை பேச்சே கிடையாது. ஒரு நாள் திண்ணையில் அவர்கள் என்னை இழுத்து உட்கார வைத்துப் பேன் பார்த்தார்கள். விரல் வகிடெடுத்துக்கொண்டே போகும், இரண்டு நகத்துக்கு நடுவில் சொடக்கென்று ஒரு சத்தம் கேட்கும், அப்புறம் ஒரு ஊர்க்கதை வரும். அன்றைக்குத்தான் அவர்களுக்கும் ஒரு மாமியார் இருந்தது எனக்குத் தெரிந்தது. உங்க அத்தை உன் தலையைப் பார்த்து முடித்ததும், "இப்ப நீங்க உக்காருங்க" என்று சொல். மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

அவர்கள் சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசலாம் என்பார்கள், அவர்கள் பக்கம் அது வழக்கம். அதை மட்டும் செய்ய விடாதே, காலில் விழுந்தாவது தடு. நம் தெருவில் ஒரு பிள்ளைக்கு அப்படிப் பூசிக் குளிப்பாட்டும்போது கண்ணில் வழிந்துவிட்டது. கண் சிவந்து வீங்கி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் இரண்டு நாள் துடித்தது. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது நான்தான். கருவிழியில் புண் என்றார்கள். சொட்டு மருந்து விட்டு விட்டுத்தான் ஆறியது. மண்ணெண்ணெயும் வேண்டாம். உனக்கு ஆறு வயதில் ஆச்சி ரேஷன் மண்ணெண்ணெயைத் தலையில் தேய்த்துத் துணி கட்டிவிட்டார்கள். பக்கத்தில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நினைத்தால் இன்றைக்கும் ஈரக்குலை நடுங்குகிறது. தீப்பிடிக்கவில்லை, ஆனால் பிடரியில் தோல் வெந்து கொப்புளம் போட்டது. நான் பார்த்துக்கொண்டு சும்மாதான் நின்றேன்.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது திருச்செந்தூருக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டோமே, அது வேண்டுதல் இல்லை, தாயி. நீ காய்ச்சலில் கிடந்தபோது முருகனுக்கு நேர்ந்துகொண்டதாக உன்னிடம் சொன்னேன். உண்மையில் உன் தலையில் பேன் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இடுப்பு வரைக்கும் முடி உனக்கு. மழித்துவிட்டு வந்ததும் கடலில் கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றுகொண்டு வெளியே வரமாட்டேன் என்றாய். அப்பாதான் தூக்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் பையன்கள் கூப்பிட்ட பேரை நீ வீட்டில் சொல்லவே இல்லை, உன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். இவ்வளவும் செய்து என்ன கண்டேன்? முடி விரல் அளவு வளர்ந்ததும் மறுபடி பேன் வந்தது. என் தலையிலும் ஆச்சி தலையிலும் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. குற்றம் என் தலையில் இருக்க, உன் முடியை எடுத்தேன். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னதற்கு முருகன் மன்னித்தால் மன்னிக்கட்டும், நீ என்னை மன்னிக்க வேண்டும். பிள்ளைக்கு முடியைக் கத்தரித்துவிடலாமா என்று நேற்று நீ கேட்டதும்தான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. கத்தரிக்காதே. அவளாகக் கேட்டால் வேறு விஷயம்.

செய்ய வேண்டியது இதுதான், பொறுமையாகப் படி. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா சொல்லித் தந்தது, நானும் பல வருஷம் செய்து பார்த்தது. பெர்மெத்ரின் 1 சதவீதம் என்று போட்டிருக்கிற லோஷனை மருந்துக் கடையில் கேள். 5 சதவீதம் என்று இருந்தால் அது சொறி சிரங்குக்கு, வாங்காதே. பிள்ளைக்கு வெறும் ஷாம்பு போட்டுத் தலைக்கு ஊற்று, கண்டிஷனர் வேண்டாம். துவட்டிய ஈரத் தலையில் வேர்க்காலில் படும்படி லோஷனைத் தேய். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நன்றாகப் படட்டும். கண்ணை ஒரு துண்டால் மூடிக்கொள்ளச் சொல். 10 நிமிஷம் கழித்து அலசு. சின்னவனுக்கு மட்டும் மருந்து வேண்டாம், அவனுக்குச் சீப்பே போதும். சீப்பில் அகப்பட்டால் குழந்தை டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்.

மருந்து பேனைக் கொல்லும், எல்லா ஈறையும் கொல்லாது. நம் வீட்டில் பாதிப் பேர் தோற்பது இங்கேதான். ஒரு தடவை மருந்து போட்டுவிட்டு ஆயிற்று என்று இருந்துவிடுவார்கள். ஈறு பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். பொரித்த குஞ்சு வளர்ந்து தானும் ஈறு வைக்க இன்னும் பத்து நாள் போல ஆகும். அந்த இடைவெளியில் குஞ்சை வாரி எடுத்துவிட்டால் வம்சம் அத்தோடு முடிந்தது. அதனால் காலண்டரில் குறித்துக்கொள். வருகிற ஞாயிறு முதல் நாள். அப்புறம் 5-ம் நாள் வியாழன், 9-ம் நாள் திங்கள், 13-ம் நாள் வெள்ளி. அந்த நாலு நாளும் பேன் சீப்பு. 9-ம் நாள் மட்டும் மருந்தும் இன்னொரு தடவை. 17-ம் நாள் செவ்வாய்க்கிழமை கடைசியாக வாரிப் பார்.

வாருவதில்தான் விஷயம் இருக்கிறது. தேங்காய் எண்ணெயோ கண்டிஷனரோ தலை ஊறும்படி போடு, அதில் பேன் ஓட்டம் குறையும், சீப்பும் வழுக்கிக்கொண்டு போகும். மருந்து போடுகிற நாளில் இதை மருந்தை அலசின பிறகு செய். முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடு. அப்புறம் முடியை நாலு பாகமாகப் பிரித்து, இரண்டு விரல் அகலம் எடுத்து, பேன் சீப்பை மண்டைத் தோலில் படும்படி வைத்து நுனி வரைக்கும் இழு. ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடை. கறுப்பு எள் மாதிரி விழும், எள்ளுக்குக் கால் முளைத்து நடக்கும். குஞ்சு ஊசி முனை அளவுதான், கண்ணாடி போட்டுக்கொள். பிள்ளை முடிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கார்ட்டூன் போட்டுவிடு, திட்டாதே.

வெள்ளையாக எதைக் கண்டாலும் பதறாதே. விரலால் தள்ளினால் உதிர்வது பொடுகு. நகராமல் முடியைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஈறு. பேன் மண்டைக்கு ஒட்டினாற்போல, கால் அங்குலத்துக்குள் ஈறு வைக்கும். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், தோலிலிருந்து அதற்கு மேல் தள்ளி இருப்பது பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் ஓடு. பார்க்க அசிங்கமாக இருக்கும், மற்றபடி ஒன்றும் செய்யாது. ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குகிற கதையாக அதை வைத்துக்கொண்டு அழாதே.

மெத்தையைத் தூக்கிப் போடப் போவதாகச் சொன்னாய். வேண்டாம். தலையை விட்டு விழுந்த பேன் ரத்தம் கிடைக்காமல் 2 நாளுக்குள் செத்துப்போகும். தலையணை உறை, போர்வை, துண்டு இவற்றைக் கொதிக்கிற தண்ணீரில் அலசி வெயிலில் போடு. சீப்பு, கிளிப், ரிப்பனை வெந்நீரில் ஊறவை. வீட்டுக்குள் பூச்சி மருந்து எதுவும் அடிக்காதே, பேனை விட அதுதான் பிள்ளைகளுக்கு ஆகாது. மருந்து போட்ட மறுநாள் பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம். முடியை இறுக்கிப் பின்னிவிடு, ஒற்றைச் சடை போதும். டீச்சரிடம் நீயே போய், வைத்தியம் ஆகிவிட்டது, இனிமேல் தனியாக உட்கார வைக்கவேண்டாம் என்று சொல். குரலை உயர்த்தாமல், ஆனால் நேருக்கு நேராகச் சொல். உனக்காக அன்றைக்கு நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

இங்கேயும் ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கிறோம். அண்ணிக்கு நான், எனக்கு அண்ணி. கூரியரில் ஆச்சியின் மர ஈர்வலியை வைத்திருக்கிறேன். முனை கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, இருந்தாலும் கடைச் சீப்பில் வராத ஈறு அதில் வரும். உங்க அத்தைக்கு அதைப் பிடிக்கத் தெரியும், அவர்களையே கேள். கூடவே அரைக் கிலோ கருப்பட்டி மிட்டாய் இருக்கிறது, முக்கால் மணி நேரம் உட்காருகிற பிள்ளைக்கு.

அவளிடம் சொல், ஆச்சி தலையிலும் மூன்று இருந்தது என்று.

17-ம் நாள் ராத்திரி போன் போடு. உன் வெள்ளைத் துணியும் என் வெள்ளைத் துணியும் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
அம்மா