பெஞ்சில் இருப்பவர் எதை வைத்து முடிவெடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் எந்த ப்ராஜெக்டிலும் சேர்க்கப்படாமல் காத்திருக்கும் ஊழியர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். ‘பெஞ்ச்’ என்று துறையில் வழங்கும் அந்த நிலையில் இருப்பவர்கள், வேறு வேலைக்குப் போவதா அல்லது பொறுத்திருப்பதா என்று தெரியாமல் தவிப்பதை அச்செய்தி உள்ளபடி சொல்லியிருந்தது. அந்த முடிவை எதை வைத்து எடுப்பது என்பதைப் பேச அதில் இடம் இல்லை. இத்துறையில் 19 ஆண்டுகள் இருப்பவன், இரண்டு முறை பெஞ்சில் இருந்தவன், இடையில் 6 ஆண்டுகள் ஆட்களை ப்ராஜெக்டுகளுக்கு ஒதுக்கும் பிரிவிலேயே வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை எழுதுவது கடமை என்று கருதுகிறேன்.

மென்பொருள் சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் தம் ஊழியர்களின் உழைப்பு நேரத்தையே விற்கின்றன. ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை சிலர் சும்மா இருக்க நேர்வது இந்தத் தொழிலின் அமைப்பிலேயே உள்ள விஷயம். எத்தனை விழுக்காடு ஊழியர் நேரத்துக்கு வாடிக்கையாளரிடமிருந்து கட்டணம் வருகிறது என்பதைச் சில பெரிய நிறுவனங்கள் காலாண்டுதோறும் வெளியிடுகின்றன. பயிற்சியில் இருப்பவர்களை நீக்கிப் பார்த்தால் அது 85 விழுக்காட்டை ஒட்டி இருப்பது வழக்கம். மீதியில் ஒரு பகுதிதான் பெஞ்ச். புதிய ஒப்பந்தம் கிடைத்தவுடன் ஆள் அனுப்ப வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் இதை ஒரு கையிருப்பாகவே முன்பு வைத்திருந்தன. அந்தப் பொறுமை இப்போது குறைந்துவிட்டது. ஆண்டுக்குக் குறைந்தது 225 நாள்கள் கட்டணம் வரும் வேலையில் இருக்க வேண்டும், ஒதுக்கீடு இல்லாத நாள்கள் 35-ஐத் தாண்டக் கூடாது என்று டிசிஎஸ் நிறுவனம் 2025 ஜூன் மாதம் விதி கொண்டு வந்ததும், அடுத்த மாதமே ஊழியர் எண்ணிக்கையில் சுமார் 2 விழுக்காட்டை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நாள் எண்ணும் காலம் வந்துவிட்ட பிறகு, ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருப்பதும் ஒரு முடிவாகவே ஆகிவிடுகிறது.

முதல் முறை பெஞ்சுக்கு வந்தபோது எனக்கு நான்கு ஆண்டு அனுபவம். வாடிக்கையாளர் வேலையை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டதால் எங்கள் குழு முழுவதுமே கலைக்கப்பட்டது. என் வேலையில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் மூன்றாவது வாரத்திலேயே எனக்குள் ஒரு கூச்சம் புகுந்துவிட்டது. காலையில் கிளம்பிப் போய், உணவகத்திலும் நூலகத்திலும் பொழுதைக் கழித்து, மாலையில் களைத்தவனைப் போல வீடு திரும்புவேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கூச்சத்திலிருந்து தப்பிக்கவே, முதலில் வந்த ஆஃபரை ஏற்றுக்கொண்டேன். சம்பளம் கூடியது. போய்ச் சேர்ந்த இடத்தில் கிடைத்ததோ, வேறெங்கும் தேவைப்படாத ஒரு பழைய மென்பொருளைப் பராமரிக்கும் வேலை. அதிலிருந்து மீள இரண்டரை ஆண்டுகள் ஆயின. பழைய இடத்திலேயே காத்திருந்திருக்க வேண்டும் என்று வாதிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. இங்கும் ஒரு கேள்வி கேட்கவில்லை, அங்கும் ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதுதான் இன்றுவரை என் வருத்தம்.

என்ன கேட்டிருக்க வேண்டும் என்பது, ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு மாற்றலாகிப் போன பிறகே எனக்குப் புரிந்தது. ஒரு ப்ராஜெக்டுக்கு ஆள் வேண்டுமென்றால் அதன் மேலாளர் கணினியில் ஒரு ‘டிமாண்ட்’ பதிவு செய்வார். எந்தத் தொழில்நுட்பம், எத்தனை ஆண்டு அனுபவம், எந்த கிரேடு (பதவிப் படிநிலை), எந்த ஊர், எந்தத் தேதி என்று அதில் இருக்கும். பெஞ்சில் உள்ளவர்களின் ஸ்கில் பதிவுகளோடு அதை ஒப்பிட்டு ஒரு பட்டியல் எடுக்கப்படும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பதிந்ததை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பிறகு கற்றது எதையும் சேர்க்காதவரின் பெயர் அந்தப் பட்டியலில் வராது. அவர் திறமைசாலி என்பது பட்டியல் எடுப்பவருக்குத் தெரியவும் வழியில்லை. இதைவிட முக்கியமானது கிரேடு. கீழே நிறையப் புதியவர்கள், மேலே சில மூத்தவர்கள் என்ற கூம்பு வடிவத்தை வைத்தே ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் விலை பேசப்படுகிறது. ஆகவே மூன்றாண்டு அனுபவம் உள்ளவருக்கு இருபது இடங்கள் திறந்திருக்கும் அதே வாரத்தில், பதினான்கு ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு ஒன்றுதான் இருக்கும். அதற்கும் மேலாளர் மனத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருப்பார். திரையில் திறந்திருப்பதாகத் தெரியும் டிமாண்டுகளில் சில, இன்னும் கையெழுத்தாகாத ஒப்பந்தங்களுக்காக முன்கூட்டியே போட்டு வைத்தவையாகவும் இருக்கும். அனுபவம் கூடக்கூட வேலை உறுதிப்படும் என்று நம்பி வளர்ந்த தலைமுறைக்கு, மூத்தவர்களே நீண்ட நாள் பெஞ்சில் இருக்கிறார்கள் என்பது விளங்காத புதிராக இருக்கிறது. அதன் காரணம் இந்தக் கணக்கில்தான் உள்ளது.

எனவே பெஞ்சுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒதுக்கீட்டுப் பிரிவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: என் ஸ்கில்லுக்கும் கிரேடுக்கும் இப்போது எத்தனை டிமாண்டுகள் உண்மையாகத் திறந்திருக்கின்றன, அவற்றில் எத்தனைக்கு என் பெயர் அனுப்பப்பட்டது, அனுப்பியது எந்தக் கட்டத்தில் நின்றது? இந்தக் கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, இரண்டு மூன்று வாரங்கள் பதில்களைக் குறித்து வைத்தால் நிலைமை தெளிவாகும். டிமாண்டுகள் இருந்தும் பெயரே அனுப்பப்படவில்லை என்றால், பெரும்பாலும் ஸ்கில் பதிவில் குறை இருக்கும். அல்லது ஊர் மாறச் சம்மதமில்லை என்று எப்போதோ குறித்தது தடுத்துக்கொண்டிருக்கும். அதை ஒரே நாளில் திருத்திவிடலாம். பெயர் அனுப்பப்பட்டு, கிளையன்ட் இன்டர்வியூவில் மீண்டும் மீண்டும் நிராகரிக்கப்பட்டால், வெளியே போனாலும் அதே கேள்விகள்தாம் வரும். அந்த நிலையில் நிறுவனம் மாறுவதைவிட, சம்பளம் வரும் இந்த நாள்களைப் படிப்புக்குச் செலவிடுவதே முதல் வேலை. டிமாண்டே இல்லை என்பதுதான் பதில் என்றால், அந்த நிறுவனத்தில் உங்களுக்கான வேலை இப்போதைக்கு இல்லை. அன்றைக்கே வெளியில் தேடத் தொடங்க வேண்டும். மேலாளர் எவ்வளவு அன்பாக ‘கவலைப்படாதீர்கள்’ என்று சொன்னாலும் தேட வேண்டும். அந்த அன்பு உண்மையானதாகவே இருக்கலாம், ஆனால் டிமாண்டை உருவாக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

இரண்டாம் முறை, பதினைந்தாவது ஆண்டில், நான் இதைத்தான் செய்தேன். என் கிரேடுக்கு நிறுவனம் முழுவதிலும் இரண்டே இடங்கள். இரண்டுக்கும் ஆள் முடிவாகியிருந்தது. அந்த வாரமே தேடத் தொடங்கினேன். மூன்றரை மாதங்கள் ஆயின. முதலில் வந்த ஒன்றை மறுக்கும் தைரியம் இம்முறை இருந்தது. அப்போது எனக்கு எதிர் இருக்கையில் மூன்றாண்டு அனுபவமுள்ள ஒரு பெண் இருந்தார். என்னைப் பார்த்து அவரும் ரெஸ்யூமே தயார் செய்துகொண்டிருந்தார். அவரது ஸ்கில்லுக்கு ஒன்பது டிமாண்டுகள் இருந்ததைப் பார்த்துவிட்டு, பொறுத்திருங்கள் என்றேன். 24-ஆம் நாள் அவருக்கு ப்ராஜெக்ட் கிடைத்தது. ஒரே தளத்தில், ஒரே வாரத்தில் இருந்த எங்கள் இருவருக்கும் சரியான முடிவு ஒன்றாக இருக்கவில்லை. நண்பர் போனார், நானும் போகிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பார்க்கும்போது இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

ஆஃபர் கையில் வந்த பிறகும் கேட்க வேண்டியவை உண்டு. புதிய சம்பளத்தைப் பழைய சம்பளத்தோடு ஒப்பிடுவதில் அதிகப் பயனில்லை. அங்கே என்ன வேலை காத்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். எடுப்பது கையெழுத்தான ப்ராஜெக்டுக்கா, வரப்போவதாகச் சொல்லப்படும் ஒன்றுக்கா என்று நேராகக் கேட்கலாம்; கேட்டதற்காக யாரும் ஆஃபரைத் திரும்பப் பெற்று நான் பார்த்ததில்லை. எதிர்பார்த்த ஒப்பந்தம் வராமல் போனால் சேர்ந்த மாதமே அங்கும் பெஞ்ச்தான். தகுதிகாண் காலத்தில் இருக்கும் புதியவரை அனுப்புவது எந்த நிறுவனத்துக்கும் எளிது. ஜாயினிங் போனஸ் என்றால், எத்தனை மாதங்களுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்பதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது.

இன்டர்வியூவில் பெஞ்சை மறைக்கலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மறைக்க வேண்டாம். ப்ராஜெக்ட் முடிந்த தேதியை நீட்டி எழுதியவர்கள் பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டு, கிடைத்த வேலையையும் இழந்ததை நான் கண்டிருக்கிறேன். ‘இந்த மாதம் ப்ராஜெக்ட் முடிந்தது, அதன் பிறகு இதைக் கற்றேன்’ என்று சொல்வதில் தாழ்வு எதுவும் இல்லை. பெஞ்சில் இருப்பவருக்கு ஒரு வசதியும் உண்டு. 90 நாள் நோட்டீஸ் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், ப்ராஜெக்டில் இல்லாதவரை முன்னதாக விடுவிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் சம்மதிக்கின்றன; உடனே சேரக்கூடியவரைப் புதிய நிறுவனங்களும் விரும்புகின்றன. இதைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய இடத்தில் விடுவிப்புக் கடிதம் வருமுன் புதிய இடத்தில் சேர்ந்துவிடும் தவறை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். வருங்கால வைப்பு நிதியில், நிறுவனம் மாறினாலும் மாறாத யுஏஎன் என்ற கணக்கு எண்ணில் இரண்டு நிறுவனங்களின் காலமும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்துவிடும். ஐந்தாண்டுப் பணியை நெருங்குபவர்கள் பணிக்கொடையையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்குப் 15 நாள் சம்பளம் என்ற அந்தத் தொகைக்குப் பொதுவாக ஐந்தாண்டுத் தொடர் பணி வேண்டும், சில வாரங்கள் பொறுத்தால் கைக்கு வரக்கூடியது அது.

எனக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று. விரும்பி வேலை மாறுவதையும், மனிதவளப் பிரிவின் அறைக்கு அழைக்கப்பட்டு, ‘நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் நல்லது, இல்லையென்றால் அடுத்த வேலைக்குச் சிக்கலாகும்’ என்ற சொல்லுக்குப் பயந்து கையெழுத்திடுவதையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்தால் முன்னறிவிப்பும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும் என்பது சட்டம். தானே ராஜினாமா செய்தவருக்கு அது கிடையாது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழில் தகராறுச் சட்டம் மென்பொருள் நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. மேற்பார்வைப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது அவரவர் செய்யும் வேலையின் தன்மையைப் பொறுத்தது. அதற்காகவே ஒரு வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ கேட்க இரண்டு நாள் அவகாசம் வேண்டும். அந்த அறையில், அந்த நிமிடத்தில் கையெழுத்திட வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. வீட்டில் சொல்லியிருந்தால், ‘கலந்து பேசிவிட்டு வருகிறேன்’ என்று எழுந்து வருவது எளிதாகும். முதல் முறை வீட்டில் மறைத்த எனக்கு, அப்படி ஒரு அழைப்பு வந்திருந்தால் நானும் கையெழுத்திட்டிருப்பேன்.

ஊழியர்களுக்கு நாள் கணக்கு வைக்கும் நிறுவனங்களிடம், தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு கோரிக்கை வைக்க விரும்புகிறேன். முப்பத்தைந்து நாளோ அறுபது நாளோ, எந்த வரம்பாக இருந்தாலும் அதை எழுத்தில் முன்கூட்டியே தெரிவியுங்கள். ஒருவரது ஸ்கில்லுக்கும் கிரேடுக்கும் டிமாண்டே இல்லாத நாள்களை அவர் கணக்கில் எழுதாதீர்கள். அவருக்கு எத்தனை இடங்கள் இருந்தன, எத்தனைக்கு அனுப்பப்பட்டார், ஏன் நின்றது என்பதை அவரே பார்க்கும்படி திறந்து வையுங்கள். இதற்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. அந்த விவரங்கள் முழுவதும் ஒதுக்கீட்டுப் பிரிவின் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆறு ஆண்டுகள் நாள்தோறும் நான் பார்த்துக்கொண்டிருந்த திரை அது.

இன்னும் இத்துறையில் பணியாற்றுவதால், என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் துறை ஊழியர் ஒருவர்