செவலையும் உன் பூனையும்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வா,

மகளுக்கு வேலை நிரந்தரமானதில் எங்களுக்கும் ரொம்பச் சந்தோஷம். ஆனால் பூனை கண்ட இடத்தில் மூத்திரம் போகிறது, தங்கச்சி அதை மார்க்கெட்டில் விட்டுவிடச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

போன மாதம் எங்கள் செவலை, கறக்கப் போனாலே உதைத்தது. மூன்று ஈற்றுக் கண்ட மாடு, என் கைக்குப் பழகியது. திமிர் என்று நினைத்து இரண்டு முறை அடித்துவிட்டேன். நாலாம் நாள் டாக்டரம்மாவை வரச் சொன்னேன். வந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. கொட்டகைக்கு வெளியே நின்று கால் மணி நேரம் மாட்டையே பார்த்தார். அசை போடுகிறதா, எந்தக் காலில் பாரம் வைக்கிறது என்று. "முதுகை வளைத்து நிற்கிறது பாருங்க அண்ணே, நடக்கும்போதும் நிமிரவில்லை. முதலில் காலைப் பார்ப்போம்" என்றார். மாட்டுக்கு நேர் பின்னால் கண் தெரியாதாம். அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாகப் போனார். பின்னங்காலைத் தூக்கிக் கட்டி குளம்பு இடுக்கைக் கழுவினால், செம்பனை மட்டை முள், அரை விரல் நீளம். பிடுங்கியதும் சீழ் வழிந்தது. நான் அடித்த இடத்தை இப்போதும் தடவிக் கொடுக்கிறேன்.

உன் பூனையைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். சேட்டை என்று முடிவு கட்டாதீர்கள், மூத்திரப்பை வீங்கியிருக்கலாம் என்றார். வீடு மாறினாலோ புதுப் பூனை வந்தாலோ, அந்த மன உளைச்சலிலேயே கிருமி இல்லாமலும் அப்படி வீங்குமாம். நீயும் இப்போதுதானே தோட்டத்து லயத்தை விட்டு தாமான் குடியிருப்புக்கு மாறினாய்?

பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது. அதன் முகத்தைப் பார்த்து வலியை அளக்க, 2019-ல் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் ஒரு முறை கொண்டுவந்தார்கள். காது, கண், வாய்ப்பகுதி, மீசை, தலை என்று ஐந்தைப் பார்க்கிறார்கள். காது பக்கவாட்டில் சரிந்து, கண் இடுங்கி, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்று நீயும் பார்.

அப்புறம் இன்னொன்று. உன்னுடையது கடுவன். முக்கி முக்கி உட்கார்ந்தும் சொட்டு மூத்திரம் வரவில்லை என்றால் மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம். அப்படி அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். ராத்திரி என்றாலும் விடியட்டும் என்று இருக்காதே, கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

தங்கச்சியிடம் இதைப் படித்துக் காட்டு. டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே போன் பண்ணு.

உன்,
முத்து